பிரிமணை மேல் வைத்த கல்

கல் கையை விட்டு நழுவியிருந்தால் சோலையப்பனுக்குப் புரிந்திருக்கும். வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, ஈரம் என்று ஏதாவது ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்திருப்பான். ஆனால் அது நழுவவில்லை. புரண்டது. வைக்கோல் பிரிமணையிலிருந்து சாதுவாகத்தான் எழும்பியது. குந்தி உட்கார்ந்து மடியில் வாங்கியபோதும் சும்மா இருந்தது. வயிற்றோடு அணைத்து நெஞ்சுக்கு ஏற்றப் போகிற நேரத்தில், உள்ளேயிருந்து யாரோ திருகியதுபோல வெளிப்பக்கமாக ஒரு புரட்டு. பூட்டியிருந்த விரல்களைப் பிரித்துக்கொண்டு தொப்பென்று மண்ணில் விழுந்தது. பழையபடி பிரிமணையில் ஏற்றி வைத்தான்.

மறுபடி தூக்கினான். அதே இடத்தில் அதே புரட்டு.

இளவட்டக்கல் தூக்குவதை வெறும் பலம் என்று நினைப்பவர்கள் தூரத்திலிருந்து பார்த்தவர்கள். அதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் குனிந்து கட்டிப்பிடிக்க வேண்டும். அது முதுகின் வேலை. முழங்கால் உயரம் வந்ததும் குந்தி, கல்லை மடியில் உட்கார வைக்க வேண்டும். அங்கேதான் மூச்சு விட்டுக்கொள்ளலாம். பிறகு கல்லைத் தூக்குவதில்லை, வயிற்றின் மேல் உருட்டுகிறோம். சுவரோரமாக ஒரு பீப்பாயை மேலே உருட்டுவதுபோல. நெஞ்சுக்கு வந்துவிட்டால் தோளுக்கு ஒரு எக்கு. தோளிலிருந்து பின்னால் போட்டுவிட்டால் முடிந்தது. இதெல்லாம் சோலையப்பனுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல. கீரனூர்க் கல் இதைவிடக் கனம். இலுப்பூரில் தூக்கியது இதைவிடப் பெரிது. மருதம்பட்டிக் கல் மட்டும் ஏன் புரள்கிறது?

களத்து ஓரத்தில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்த மூக்கன் எச்சிலைத் துப்பிவிட்டுச் சிரித்தான். சோலையப்பனின் மனைவி செவந்திக்கு அண்ணன் அவன். ஐயனார் கோயில் வாசலிலிருந்து ஒத்திகைக்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த இந்தக் கல்லை ஒவ்வொரு பொங்கலுக்கும் தோளுக்கு மேல் போடுகிறவன்.

"என்ன மாப்ள, கல்லு கோவிச்சுக்கிச்சா?"

"ஒங்க ஊர்க் கல்லுல்ல மச்சான். ஒங்களாட்டமே திமிரு."

"சாம்பியனுக்கே திமிரு காட்டுதுன்னா, எங்க கல்லு பெரிய கல்லுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் சோலையப்பனின் சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது. நாளை மாலை திருவிழா. பள்ளிக்கூட மைதானத்தில் பலகை மேடை போட்டாகிவிட்டது. 'தென்னிந்திய பீமன், சாம்பியன் சோலையப்பன், மாமனார் ஊர்க் கல்லைத் தூக்குகிறார்' என்று குன்றாண்டார்கோவில் வரைக்கும் தமுக்கு அடித்தாகிவிட்டது. மருதம்பட்டியில் பெண் எடுக்கிறவன் கல்லைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தாலி கட்ட வேண்டும் என்பது வழக்கம். சோலையப்பன் கட்டியபோது, "சாம்பியனுக்குக் கல்லு எதுக்குப்பா" என்று ஊரே விட்டுக்கொடுத்திருந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்த விட்டுக்கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பயில்வான் ஒடம்பு நேத்துப் பஸ்ஸுல வந்த அலுப்பு," என்றார் வீரய்யா. தோளில் துண்டும், கழுத்தில் வாயில் வைத்துப் பேசுகிற தகர ஊதுகுழலுமாக எப்போதும் கூடவே இருப்பவர். ஒரு காலத்தில் நாடகக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், அரிமளம் சந்தையில் கடலை மூட்டையை ஒற்றைக் கையால் லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்த சோலையப்பனைக் கண்டுபிடித்தவர். சாம்பியன் என்ற பட்டம் அவர் கொடுத்ததுதான். சோலையப்பன் நெஞ்சில் மாட்டுகிற மெடல்கள் புதுக்கோட்டையில் விளக்குக்கு மூடி செய்கிற தகரக் கடையில் வெட்டியவை. மழையில் நனைந்தால் துரு சட்டையில் இறங்கும்.

ஆரம்பத்தில் சோலையப்பனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது குமட்டல்.

காரைக் கயிற்றால் இழுத்து நிறுத்துகிற வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் உறுமும், புகை கக்கும், ஜனம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். உறுமுவது இன்ஜின்தான், சக்கரம் இல்லை. டிரைவர் கிளட்சைப் பாதி மிதித்திருப்பான். இன்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பின் சக்கரத்துக்கு அடியில் ஈர மணல் வேறு. அந்தக் காரை ஒரு கிழட்டுக் கழுதை கூட நிறுத்தி வைக்கும்.

நெஞ்சில் கல் உடைப்பதும் அப்படித்தான். அதில் ஒரு உண்மையும் ஒரு பொய்யும் கலந்திருக்கிறது. உண்மை இது: பலகைக்கல் எவ்வளவு கனமோ அவ்வளவு பத்திரம். சம்மட்டி அடியைக் கனமான கல் தானே வாங்கிக்கொள்ளும், கீழே இருக்கிற நெஞ்சுக்கு அனுப்பாது. மெல்லிய கல்லை வைத்து அடித்தால்தான் விலா எலும்பு போகும். பார்க்கிற ஜனம் தலைகீழாக நினைத்து, கனத்த கல்லைக் கண்டு அழும். பொய் என்னவென்றால், வீரய்யா முதல் நாளே அந்தக் கல்லை வைக்கோல் தீயில் காய்ச்சி, பச்சைத் தண்ணீரை ஊற்றி, உள்ளே விரிசல் விட வைத்திருப்பார். விரிசல் தெரியாமல் மேலே மஞ்சள் பூசிவிடுவார். அடித்ததும் அது அப்பளமாக நொறுங்கும்.

எல்லாவற்றையும் விட முட்டைதான் அருவருப்பு. மேடையில் ஒரு செம்பு நிறையப் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, ஜனம் பார்க்கக் குடிக்க வேண்டும். வெயிலில் கிடந்த முட்டை. கொழகொழவென்று தொண்டையில் இறங்கும்போதே ஒன்றிரண்டு கெட்டுப்போனது தெரியும். மீசையில் வழிந்ததைத் துடைக்காமல் சிரிக்க வேண்டும். ஜனம் கை தட்டி முடித்ததும் படுதாவுக்குப் பின்னால் போய்க் கக்கிவிட்டு வருவான். அதன்பின் ஆட்கள் வரிசையில் வருவார்கள். மாட்டுத்தாவணியில் காளையைத் தடவுவதுபோலப் புஜத்தை அமுக்கிப் பார்ப்பார்கள், தொடையைத் தட்டுவார்கள். ஒருவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைக்கூடப் பார்த்திருக்கிறான். அத்தனை பேர் கை எண்ணெயும் உடம்பில் ஒட்டிக்கொண்டு, எத்தனை தடவை சீயக்காய் தேய்த்தாலும் போகாததுபோல இருக்கும்.

இதற்கெல்லாம் நடுவில் பொய் சொல்லாத ஒன்று இருந்தது. அது கல். கல்லைத் தூக்கினால் தூக்கினதுதான். கல்லுக்குக் கிளட்ச் கிடையாது. மற்ற வித்தைகளுக்கு உடம்பை வாடகைக்கு விட்டிருந்தாலும், கல் தூக்குகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவன் அவனாக இருந்தான்.

அந்தக் கல்தான் இப்போது புரண்டு விழுந்து கிடந்தது.

மூக்கன் போனதும் வீரய்யா சோலையப்பனின் தோளில் கையைப் போட்டு மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். வண்டியில் வைக்கோலைத் தள்ளிக் காட்டினார். உள்ளே ஒரு கல் இருந்தது. உருண்டையாக, கருஞ்சாம்பலாக, அசல் மருதம்பட்டிக் கல்லின் கூடப்பிறந்ததுபோல.

"தட்டிப் பாரு தம்பி."

சோலையப்பன் தட்டினான். டொக் என்றது. பெரிய பானையைக் கவிழ்த்து, மேலே சிமெண்ட் பூசி, அடுப்புக்கரியும் எண்ணெயும் தேய்த்திருந்தார்கள்.

"எப்பண்ணே செஞ்சீங்க இத?"

"போன மாசமே. கல்லப் பாத்து அளவெடுத்துட்டுப் போயி செஞ்சது. தொழில்னா முன்யோசனை வேணும்ல."

"அப்ப, என்னால தூக்க முடியாதுன்னு போன மாசமே முடிவு பண்ணிட்டீங்க."

"முடியும் முடியாதுங்கிறது யாருக்கு வேணும்? ஜனத்துக்கு வேண்டியது தோளுக்கு மேல ஒரு உருண்டை. அது கல்லா, பானையா, பூசணிக்காயான்னு எவன் ஒரசிப் பாக்கப் போறான்?"

வீரய்யாவின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு சிமெண்ட் மேல் தெறித்தது. அவர் அதைத் துண்டால் துடைத்து, துடைத்த இடத்தைப் பாசமாகத் தடவிக் கொடுத்தார். சோலையப்பன் வைக்கோலை இழுத்து அதை மூடினான். இந்த மனிதர் தன்னையும் இத்தனை வருஷம் இப்படித்தான் தடவிக் கொடுத்திருக்கிறார் என்று பட்டது.

வீட்டுக்குள் போனபோது செவந்தி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரன் பெண்சாதி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கல்லை வண்டியிலிருந்து இறக்க ஆள் தேடாமல் ஒருத்தனே இறக்கி ஏற்றினால் யாருக்குத்தான் தெரியாது?

"ஏங்க, அந்தப் பானையத்தான் தூக்கப் போறீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்றதுக்கு என்ன இருக்கு?" அவள் திரும்பவில்லை. கஞ்சி வடிகிறதையே பார்த்துக்கொண்டு பேசினாள். "காரு இழுத்தீங்க, பேசாம இருந்தேன். கல்ல வேகவச்சு ஒடச்சீங்க, பேசாம இருந்தேன். ராவெல்லாம் முட்ட நாத்தத்தோட பக்கத்துல படுத்தீங்க, அதுக்கும் பேசாம இருந்தேன். ஊருக்கு ஊரு நடக்குற கூத்து, நமக்கென்னன்னு இருந்துட்டேன். ஆனா இது எங்க அய்யனாரு வாசல் கல்லு. எங்க ஆத்தாளக் கட்ட எங்கப்பன் தூக்குன கல்லு. அதுக்குப் பதிலா இந்த ஊர்ல பானையத் தூக்குனீங்கன்னா, நீங்க தனியாத்தான் பஸ் ஏறணும். நான் இங்கிட்டே இருந்துக்கிறேன்."

"தூக்காம விட்டா?"

"முடியலன்னு சொல்லிட்டு எறங்கி வாங்க. கூட நடந்து வாரேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. கெட்ட முட்டையை உடைத்துவிட்டவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல இருந்தாள். சோலையப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் களத்துக்குப் போனான். கல் இருந்த இடத்தில் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உருண்டைக் கல் சும்மா நிற்காது. ஒருமுறை மேடையில் உருண்டு தவில்காரர் மடியில் போய் விழ இருந்தது. அன்றிலிருந்து வீரய்யா ஒரு பிரிமணை செய்து வைத்திருந்தார். வீட்டில் பானை உருளாமலிருக்க வைக்கோலைத் திரித்து வளையமாக வைப்போமே, அதுதான்; இது வண்டிச் சக்கரத்தின் நடுக்குடம் அளவுக்குப் பெரியது. அதன் மேல் கல்லை எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும். அதனால் இன்னொரு வசதியும் உண்டு. கல்லின் மேல் 'பீமன்' என்று சுண்ணாம்பால் எழுதி, அந்த எழுத்தை ஜனம் பார்க்கும்படி திருப்பி வைக்கலாம். மருதம்பட்டிக் கல்லுக்கு ஒரு பக்கம் வழுவழுவென்ற சாம்பல் நிறம், மறுபக்கம் சொரசொரத்த கருப்பு. வெள்ளை எழுத்துக் கருப்பில்தான் எடுப்பாகத் தெரியும் என்று வீரய்யா கருப்புப் பக்கத்தில் எழுதியிருந்தார்.

முந்தின நாள் கல்லை மறுபடி அதன் மேல்தான் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது பிரிமணை இருந்த இடத்தில் மூக்கனின் பசு நின்று, கடைசி வைக்கோலை அசைபோட்டுக்கொண்டிருந்தது. கல் இரண்டு முழம் தள்ளிப்போய் நின்றிருந்தது. எழுத்தைக் காணோம். அது அடியில் போயிருந்தது.

சோலையப்பன் பசுவை விரட்டிவிட்டு, கல்லைப் புரட்டி எழுத்தை மேலே கொண்டுவந்தான். கையை எடுத்தான். கல் சோம்பலாக அசைந்து, திரும்பி, எழுத்தை மறுபடி அடியில் வைத்துக்கொண்டது. பக்கவாட்டில் வைத்துப் பார்த்தான். அப்போதும் கருப்பு கீழே போய்விட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை நிமிர்ந்துகொள்வதுபோல, அது தன் கருப்பைக் கீழே கொண்டுபோய்த்தான் ஓய்ந்தது.

பொம்மை ஏன் நிமிர்கிறது? அடியில் களிமண் கனம். கனம் கீழே போகத்தான் பார்க்கும்; அதற்காக மற்றதைப் புரட்டும். அப்படியானால் இந்தக் கல்லுக்குக் கருப்புப் பக்கம் கனம்.

அவன் தூக்கியிருந்த மற்ற கல்லெல்லாம் கல்தச்சன் ஒரே பாறையில் உருட்டிக் கொடுத்தவை. எந்தப் பக்கமும் ஒரே கனம். அதனால் பிரிமணையில் எப்படி வைத்தாலும் பாதகமில்லை. இதுவோ உளி படாதது. ஆற்றிலோ ஓடையிலோ தானாக உருண்டது. சாம்பல் பக்கம் சாதாரணப் பாறை. கருப்பில் இரும்பு ஓடியிருந்தது. அவன் கருப்பின் மேல் ஒரு சின்னக் கல்லால் தட்டினான். சத்தமே வேறாக இருந்தது.

அவன் குந்தி உட்கார்ந்து கையால் காற்றில் உருட்டிப் பார்த்தான். மேடையில் அவன் ஜனத்தைப் பார்த்து நிற்பான். எழுத்தும் ஜனத்தைப் பார்க்கும். நேற்று ஒத்திகையிலும் அப்படித்தான் வைத்தார்கள். அதாவது கனம் அவனுக்கு எதிர்ப்பக்கம். வயிற்றின் மேல் கல்லை உருட்டும்போது வெளிப்பக்கம் மேலே வரும். அந்தக் கனம் உச்சிக்கு ஏறி, அங்கே நிற்கமுடியாமல், வந்த வழியே வெளிப்பக்கமாகத் திரும்பி விழுகிறது. கல்லுக்குள் இருந்து யாரோ திருகவில்லை. கல் கீழே போக வழி தேடியது.

கருப்பை அடியிலேயே விட்டுத் தூக்கிப் பார்த்தான். மடி வரைக்கும் நல்லபடியாக வந்தது. ஆனால் அடியில் இருந்த கனம் உருட்டும்போது வெளியே போனது. கல் மறுபடி அசைந்தது. இறக்கிவிட்டான். யோசித்தான். உருட்டி முடிக்கிறபோது கனம் அடியில் இருக்க வேண்டும் என்றால், உருட்ட ஆரம்பிக்கிறபோது எங்கே இருக்க வேண்டும்?

வயிற்றுப் பக்கம்.

இந்தத் தடவை மடியில் வாங்கியதும் கருப்பைத் தன் பக்கம் திருப்பி, தொப்புளோடு அழுத்தினான். பிறகு உருட்டினான். கல் தூங்கிப்போன பிள்ளையைப்போல நெஞ்சில் ஏறிச் சாய்ந்தது. தோளுக்கு எக்கி, பின்னால் போட்டான். களத்து மண் அதிர்ந்தது. பசு ஓடியது.

ஊர் வழக்கமும் அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மருதம்பட்டியில் கல்லை முதலில் கோயில் வாசல் சரிவில் உருட்டிவிடுவார்கள். அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் தூக்க வேண்டும். சாமி காட்டிய இடம் என்பார்கள். சாமி இடத்தை மட்டும் காட்டவில்லை, கனத்தையும் காட்டியிருக்கிறது. மூக்கன் மடியில் வைத்து ஒரு திருப்புத் திருப்புவான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது, அவன் அப்பனுக்கும் தெரிந்திருக்காது. கல்லை வண்டியில் ஏற்றி, பிரிமணையில் உட்கார வைத்து, பெயர் எழுதியவர்கள்தான் அந்த வழியை அடைத்தவர்கள்.

அன்று மாலை மேடையில் அவன் முட்டையைக் குடிக்கவில்லை. செம்பை வாங்கி மேடைக்குக் கீழே கவிழ்த்துவிட்டான். நாய் ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. வீரய்யா பல்லைக் கடித்துக்கொண்டு ஊதுகுழலில், "பயில்வான் இன்னைக்கு விரதம்!" என்றார். மைதானம் சிரித்தது.

புதிதாகத் திரித்த பிரிமணையை வீரய்யா கொண்டுவந்து வைத்தார். சோலையப்பன் அதைக் காலால் தள்ளிவிட்டு, பலகை மேல் மண்ணைக் கொட்டச் சொன்னான். வண்டியில் கிடந்த பானையைத் தொடாமல், அசல் கல்லையே அதில் உருட்டினான். அது தானாக நின்றது. குனிந்தான், எடுத்தான், மடியில் வாங்கித் திருப்பினான், உருட்டினான், தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட்டான். பலகை ஒன்று பிளந்தது.

பெண்கள் பக்கம் பார்த்தான். செவந்தி எழுந்து நின்றிருந்தாள். அவள் முகம் தெளியத் தொடங்கிய அந்த நேரத்தில், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சிமெண்டு!"

"பானடா அது! வண்டிக்காரன் சொன்னான்!"

"பயில்வானே, கொழம்பு வைக்கவா அந்தப் பான?"

மைதானம் முழுக்கச் சிரிப்பு. சோலையப்பனுக்கு முகம் எரிந்தது. இத்தனை வருஷத்துப் பொய்க்குக் கை தட்டியவர்கள், உண்மையாகத் தூக்கியதைப் பார்த்துத் துப்புகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை என்பதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

யாரோ மூக்கனை மேடைக்குத் தள்ளினார்கள். "ஒங்க கல்லுதானே, நீ தூக்கிப் பாத்துச் சொல்லுடா!"

மூக்கன் கூச்சத்தோடு ஏறினான். "தப்பா நெனைக்காதீங்க மாப்ள. ஊரு கேக்குது."

"தூக்குங்க மச்சான்."

வீரய்யாவுக்கு நடப்பது பிடித்துவிட்டது. பரபரவென்று பிரிமணையை எடுத்து வைத்து, கல்லை அதன் மேல் தூக்கி வைக்கச் சொல்லி, எழுத்து ஜனத்துக்குத் தெரியும்படி திருப்பினார். மேடை என்றால் அவர் கை அப்படித்தான் போகும். சோலையப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்ல வாயெடுத்தான். ஆனால் மூக்கன் அதற்குள் குனிந்துவிட்டான்.

மடியில் வைத்து, பொங்கலுக்குப் பொங்கல் திருப்புகிற அதே திருப்பைத்தான் மூக்கன் திருப்பினான். ஆனால் இது வேறு இடத்திலிருந்து தொடங்கியது. கருப்பு வயிற்றுக்கு வரவில்லை, அடிக்குத்தான் வந்தது. நெஞ்சுக்கு ஏற்றும்போது அது வெளியே போய், கல் புரண்டு, மூக்கனின் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. வீரய்யா அதை மறுபடி பிரிமணையில் ஏற்றச் சொல்லி, எழுத்தைத் திருப்பினார். மறுபடி தூக்கினான். மறுபடி விழுந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வருஷா வருஷம் தூக்குகிற கல் அவன் கைக்குள் நிற்கவில்லை. அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாரோ இரவோடு இரவாக அவற்றை மாற்றிவிட்டதுபோல.

இப்போது யாரும் சிமெண்டு என்று சொல்லவில்லை. சிரிப்பு மூக்கன் பக்கம் திரும்பியது.

"பாத்தீங்களா!" வீரய்யா ஊதுகுழலை உயர்த்தினார். "மருதம்பட்டிக் கல்லை மருதம்பட்டிக்காரனே தூக்க முடியல! தென்னிந்தியாவுலயே ஒரே ஒரு ஆளு! ஒரே ஒரு தோளு! பொண்ணக் கட்டிக் குடுத்த ஊரே, ஒன் மாப்பிள்ளயப் பாரு!"

கை தட்டல் இடிபோல எழுந்தது. மூக்கன் தலையைக் குனிந்துகொண்டு மேடையை விட்டு இறங்கப் போனான். வீரய்யா சோலையப்பனின் காதருகே வந்து, "அருமை தம்பி, அருமை. இவன என்ன செஞ்சு கவுத்த? நம்ம தொழில்லயே இதான் ஒசந்த வித்த. எவனுக்கும் சொல்லிராத," என்றார். அவர் மூச்சில் வெற்றிலையும் சுண்ணாம்பும் நாறியது.

சோலையப்பன் செவந்தியைப் பார்த்தான். அவள் முகம் பழையபடி ஆகியிருந்தது. கல்லைத் தூக்கியது உண்மைதான், அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. ஆனால் அவன் காலால் தள்ளிய பிரிமணையிலேயே கல் திரும்ப ஏறியதையும், தன் அண்ணன் அவமானப்பட்டு இறங்குவதையும் அவன் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்ததும் தெரிந்துவிட்டது. உண்மையாகத் தூக்கிய கல்லே இப்போது கிளட்சை மிதித்த காராகிவிட்டது. தெரிந்ததை மறைத்து வைத்தால் எதுவும் வித்தையாகிவிடும். அவனுக்குத் தன் வாயே கெட்ட முட்டையாக நாறியது.

அவன் வீரய்யாவின் கையிலிருந்து ஊதுகுழலைப் பிடுங்கினான்.

"தம்பி, என்ன செய்யிற? தொழில் ரகசியம்டா! சோத்துல மண்ணு போட்டுக்காத!"

"போதும்ணே. அந்தச் சோறு எறங்கல." அவன் தகர மெடல்களைக் கழற்றிப் பலகையில் போட்டான். "மச்சான், எறங்காதீங்க. இங்கிட்டு வாங்க. ஒங்க கையில ஒண்ணும் கொறயில்ல. எங்கிட்டயும் ஒசத்தியான தோளு ஒண்ணும் இல்ல. கல்ல வச்சது தப்பு. அம்புட்டுத்தான்."

மூக்கன் படியில் நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து செவந்தி மேடையை நோக்கி வரத் தொடங்கினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. யாரு தூக்கணும்னாலும் தூக்கலாம்," என்றான் சோலையப்பன். "இந்த வைக்கோல் பிரிமணைய எடுத்துப் போட்டுருங்க. கல்ல வெறுந்தரையில உருட்டி விட்டு, அது தானா நிக்கிற வரைக்கும் பொறுங்க. எந்தப் பக்கம் அடியில போயி ஒக்காருதோ, அந்தப் பக்கம்தான் கனம். இந்தக் கல்லுக்குக் கருப்புப் பக்கம். மடிக்கு வந்ததும் அந்தக் கருப்ப வயித்தோட ஒட்டத் திருப்பி வச்சுக்கங்க. அதுக்கப்பறம் மேல உருட்டுங்க. கனம் அடியில வந்து ஒக்காந்துக்கிரும். கல்லு பெரளாது."